அறுபத்தோராவது சாயம்

“கிளம்பிட்டேன்” என்று போனில் மகளிடம் சொன்ன அவள், தன் வெள்ளைக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. அது பொய் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மனம் கிளம்பிவிட்டது, உடம்பு பின்னால் வரப்போகிறது, அவ்வளவுதானே. உலகத்தில் பாதிப் பேர் நாற்காலியில் சாய்ந்தபடியேதான் வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள். மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கவேண்டும். பழையது ஒரு மாதமாகக் கடிக்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். லேசர் மேஜையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டுப் புறப்பட்டால் கடைக்குப் போக நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நீளமான இரும்பு மேஜை அது. ஒரு முனையில் லேசர், மறுமுனையில் வெளிச்சத்தை அளக்கும் கருவி, நடுவில் சாயம் ஊற்றிய தட்டையான கண்ணாடிக் குப்பி. கருவிக்கு முன்னால் ஒரு கறுப்புக் காகிதம் நிற்கும். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளைக்குள் புகுந்து வரும் வெளிச்சம் மட்டும்தான் கணக்கில் சேரும். இரண்டு மாதமாக அங்கேயே நின்று காகிதத்தின் ஓரம் சுருண்டிருந்தது. வருகிறவர்கள் பார்த்தால் நன்றாக இருக்காது, புதிதாக ஒன்று வைக்கலாம் என்று அதைக் கிளிப்பிலிருந்து உருவிக் குப்பைத்தொட்டியின் பக்கம் திரும்பியவள், ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டாள். துளையைச் சுற்றி, ஒரு நாணயத்தின் அகலத்துக்கு, கறுப்பு வெளுத்து ஒரு வளையம் விழுந்திருந்தது. நேராகப் பிடித்தால் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. அவள் நான்கைந்து முறை சாய்த்துப் பிடித்தாள், ஏதாவது ஒரு கோணத்தில் அது இல்லாமல் போய்விடாதா என்று.

ஆய்வுக்கூடத்தில் அவளைச் சாயக்காரி என்பார்கள். வேதியியலில் பெரிய பட்டம் வாங்கியவள்தான். ஆனால் நகக்கண்ணில் நீலம் போகாத பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டு அந்தப் பெயரை வைத்தவர் லேசர் அண்ணன். அவரை அங்கே எல்லோருக்கும் லேசர் அண்ணன் என்றுதான் தெரியும். அவரைவிட ஐந்து வயது மூத்த துறைத் தலைவரே அப்படித்தான் கூப்பிட்டார். சாயக்காரி செய்வது துணிக்குப் போடும் சாயமல்ல, கண்ணைக் காக்கும் சாயம். லேசர் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தீராத சங்கடம் உண்டு. பச்சை லேசருக்கென்று அவர்கள் போடும் காப்புக் கண்ணாடி பச்சையை அடியோடு மறைத்துவிடும். கண் தப்பும். ஆனால் பச்சைப் புள்ளி எங்கே விழுகிறது என்பதும் தெரியாமல் போகும். புள்ளி தெரியாமல் மேஜைமேல் இருக்கும் மிரர்களைத் திருப்பி வைக்க முடியாது. ஆகவே ஒரு நிமிஷம்தானே என்று கழற்றுவார்கள். போன கண்களுக்கு வாய் இருந்தால் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்லும்.

எப்போதும் மறைத்துக்கொண்டிருக்காத சாயம் ஒன்று வேண்டும். சாதாரண வெளிச்சத்தை வா என்று உள்ளே விடவேண்டும். வெறிகொண்ட வெளிச்சம் வந்தால் அந்தக் கணமே இருண்டு அதை விழுங்கிவிட வேண்டும். நமக்கெல்லாம் சாப்பிட்டால் பசி அடங்கும். இந்தச் சாயத்துக்குச் சாப்பிடச் சாப்பிடப் பசி கூடவேண்டும். வெளிச்சத்தை ஒருமுறை விழுங்கிய மூலக்கூறு, விழுங்காததைவிட அதிக ஆவலோடு அடுத்த வாய்க்குக் காத்திருக்கவேண்டும். அதற்காக அவள் கரியையும் நைட்ரஜனையும் கோத்து ஒரு வளையம் கட்டுவாள். நடுவில் கனமான உலோக அணு ஒன்றை உட்காரவைப்பாள். மூலக்கூறுகள் தட்டுப் போல ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு தூங்கிவிடாமல் இருக்க ஓரங்களில் கைகால் போல நீளச் சங்கிலிகளை ஒட்டுவாள். பசிக்கிற சாயம் கரையாது. கரைகிற சாயம் பசிக்காது. இரண்டும் கூடி வந்தது என்றால் நான்கே நாளில் வெளுத்துப்போகும். ஆறு வருஷத்தில் அறுபது சாயம் இப்படிப் போயிற்று. அறுபத்தோராவது மயில்கழுத்து நிறத்தில் வந்தது. கருவியில் எண் விழுந்ததைப் பார்த்த அன்று அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது, அறுபத்தொன்றுக்கென்று வைத்த காகிதத்தில் இந்த வளையம். சாயம் வெளிச்சத்தைக் குறைத்தது என்று சொல்ல இரண்டு வழி உண்டு. உண்மையிலேயே விழுங்கியிருக்கலாம். அல்லது, சூடேறிய திரவம் வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடித்திருக்கலாம். சிதறியது ஊசித்துளைக்குள் புகாது. புகாததால் கருவி குறைந்த எண்ணைக் காட்டும். குடித்ததா, துப்பியதா என்று அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கறுப்புக் காகிதத்தை எடுத்துவிட்டு ஒரு பெரிய லென்ஸை வைத்து மறுபடியும் அளக்கவேண்டும். லென்ஸ் சிதறியதையெல்லாம் கூட்டி அள்ளிக் கருவிக்குள் போடும். கண்ணும் அதையேதான் செய்யும். துப்பிய வெளிச்சத்தையும் விடாமல் பொறுக்கி எடுத்து, பின்னால் ஒரே புள்ளியில் கொண்டுபோய் வைத்துவிடும். அறுபது சாயத்தையும் இரண்டு விதமாகவும் அளந்தார்கள். அறுபத்தொன்றின் முறை வந்தபோது லென்ஸ் பூச்சுப் போட வெளியே போயிருந்தது. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார் லேசர் அண்ணன். அவள்தான் வேண்டாம் என்றாள். இது நன்றாகக் கரைகிற சாயம், துப்பாது, குடிச்சாச்சு அண்ணே என்றாள். சுடும்போது எல்லோரும் காப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் காகிதத்தில் பச்சை வளையம் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. காகிதம் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அறுபத்திரண்டாவதைச் செய்வதில் அவளுக்குச் சலிப்பில்லை. அவளைப் பிடித்தது வேறு பயம். நாளைக்கு வருகிற ஆறு பேருக்கும் காட்டுவதற்காக, சாயம் நிரப்பிய இரண்டு வட்டக் குப்பிகளைச் சட்டத்தில் பதித்து மூக்குக்கண்ணாடி மாதிரி ஒன்று செய்திருந்தார்கள். அதன் பின்னால் கண்ணுக்குப் பதில் ஒரு கேமரா இருக்கும் என்பது துறைத் தலைவரின் ஏற்பாடு. லேசர் அண்ணனின் ஏற்பாடு வேறு. கேமராவை எவன் நம்புவான், நானே போட்டுக்கொண்டு குனிகிறேன், முழு பலத்தில், அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் முடித்துவிடுகிறேன் என்று ஒரு வாரமாகச் சாயக்காரியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தடுத்தபோது, உன் சாயத்தின்மேல் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். அவருக்கு நேராகப் பார்க்க இருப்பது ஒரு கண்தான்.

இன்னொரு கண் போனது ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். அந்த அறையில் அப்போதும் இப்போதும் ஒரு வழக்கம் உண்டு. முழு பலத்தில் சுட்டு முடிந்ததும் அவர் மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து “ஷட்டர்?” என்று கேட்பார். லேசரின் வாயில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. அதை இறக்கினால் வெளிச்சம் அங்கேயே நின்றுவிடும். தகட்டின் பக்கம் நிற்பது அவள் வேலை. இறக்கிவிட்டு “மூடியாச்சு” என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் காப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குனிவார். ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை இது நடக்கும். அன்று அவள் இடது கையில் குப்பியும் வலது கையில் பேனாவுமாக, குப்பியின்மேல் எண் எழுதிக்கொண்டிருந்தாள். “ஷட்டர்?” என்றார். “மூடியாச்சு” என்றாள். வாய் சொல்லிவிட்டது. கை அதற்குப் பிறகு பேனாவை வைத்துவிட்டுத் தகட்டுக்குப் போனது. லேசர் நொடிக்குப் பத்து முறை துடிக்கும். அதில் ஒரு துடிப்பு ஒரு மிரரின் ஓரத்தில் பட்டுத் திரும்பி அவருடைய இடது கண்ணுக்குள் போயிற்று. கண்ணுக்குள் யாரோ சொடக்குப் போட்ட மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார்.

இடது கண்ணின் நடுவில் இப்போது ஒன்றும் இல்லை. ஓரத்தில் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. அந்தக் கண்ணால் ஒருவரைப் பார்த்தால் காது தெரியும், முகம் இருக்காது. அதையும் வேடிக்கையாக்கிவிட்டார் மனுஷன். எனக்கு ஒன்றரைக் கண் என்பார். துறைத் தலைவர் பேசும்போது வலது கண்ணை மூடிக்கொண்டால் மனசுக்கு இதமாக இருக்கிறது என்பார். இந்தச் சாய வேலையில் சேரும்படி சாயக்காரி கேட்டபோது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று சிரித்துவிட்டு மறுநாளே வந்து சேர்ந்துகொண்டார்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஷட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஐம்பது தடவையில் ஒரு தடவை தகடு கொஞ்சம் தயங்கி இறங்கியது. ஒரு வாரத்துக்கு முன்னால் அதைப் போட்டவர் அங்கே ஃபிட்டராக இருந்தவர். புதுசு வரத் தாமதமானதால் பழைய ஷட்டர் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டேன் என்று கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டார். சாயக்காரியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். தகட்டை இறக்கிவிட்டுத்தானே மூடியாச்சு என்று சொன்னீர்கள்? பதிலையும் சேர்த்து ஊட்டுகிற கேள்வி. ஆமாம் என்றாள். அந்த ஆமாமைச் சொல்லி முடித்ததும் திருப்பி வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மூன்று பேரில் ஒருவர் எழுதிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஃபிட்டர் லேசர் அண்ணனுக்கு மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். இரண்டு பேரும் மத்தியானம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். விசாரணைக்குப் பிறகு ஃபிட்டரைத் தண்ணீர்ப் பம்பு அறைக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து “மாமா” என்று கூப்பிட்டார். கட்டுப்போட்ட கண்ணோடு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு சரி. இரண்டு தெரு தள்ளி இரண்டு வீடு, ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஃபிட்டரின் மகள் கல்யாணத்துக்கு அண்ணி தனியாகப் போய்விட்டுத் தனியாக வந்தார். கழற்றிய ஸ்பிரிங்கை அண்ணன் வீசி எறியவில்லை. சாவிக்கொத்தில் கோத்து வைத்துக்கொண்டார். புதிதாக யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, என் மச்சான் கொடுத்த பரிசு என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சாயக்காரி அந்த நேரத்தில் ஏதாவது ஒரு குப்பியைக் கழுவப் போய்விடுவாள். ஒருநாள் அண்ணி அவரை அழைத்துப்போக வந்தபோது வராந்தாவில் அவளிடம் சொன்னார்: “ஒரு கண்ணு போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒரு தம்பியும் சேர்ந்து போனான், அதை யாரும் சொல்றதில்லை.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைப் பம்பு அறைக்கு அனுப்பிவிட்டுப் பாவத்தை அவள் குப்பிகளில் ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. யாருடைய கண்ணும் இனி இப்படிப் போகாதபடி ஒரு சாயம் செய்துவிட்டால், நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. செய்து முடித்தால் கணக்குத் தீர்ந்தது. கோழைத்தனம்தான், அது அவளுக்கே தெரியும். ஆனால் கடினமாக உழைக்கும் கோழைத்தனம், அதனால் பார்ப்பதற்கு வைராக்கியம் போலவே இருந்தது. அறுபத்தொன்று பலித்த அன்று கழிப்பறையில் அழுதது அதற்காகத்தான். இனிமேல் சொல்லவேண்டாம் என்று அழுதாள்.

கறுப்புக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்கு மறுபடியும் போன் செய்தாள். இன்னும் கிளம்பவில்லை, இன்றைக்கு ஷூ வாங்க முடியாது என்றாள். மகள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பக்கம் ஏதோ மென்றுகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“தெரியும்மா. நீ கிளம்பிட்டேன்னு சொன்னா நான் முக்கால் மணி நேரம் கூட்டிக்குவேன். எப்பவும் அப்படித்தானே.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வாய்ப்பாடு சொல்வது போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அவள் சொல்லோடு எவ்வளவு கூட்டிக்கொள்ளவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. மேஜையின் அந்தப் பக்கத்தில் இருந்தவர் மட்டும்தான் எதையும் கூட்டிக்கொள்ளாமல் அப்படியே எடுத்துக்கொண்டார்.

லேசர் அண்ணன் பக்கத்து அறையில் இருந்தார். சாயம் நிரப்பிய அந்தக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில்கழுத்து நிறத்தில் இரண்டு பெரிய வட்டங்கள். காலடி கேட்டதும் திரும்பி, சினிமாவில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டார். வில்லனாகவா கதாநாயகனாகவா என்பதை மட்டும் துறைத் தலைவரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றார். அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை நீட்டினாள்.

“அண்ணே, அறுபத்தொண்ணு குடிக்கலை. துப்புது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார். காகிதத்தை வாங்கி ஜன்னலருகே போய், தலையைச் சாய்த்து வலது கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வளையத்தை விரல் நகத்தால் ஒருமுறை சுற்றிவந்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் வந்து உட்கார்ந்ததையும், அதை அவர் எழுப்பி அனுப்பியதையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரி, நாளைக்குக் குனிந்திருந்தால் ஒன்றரைக் கண் அரைக் கண்ணாகியிருக்கும் என்றார். அறுபத்திரண்டுக்கு என்ன உலோகம் போடப்போகிறாய் என்று கேட்டார். அவள் காகிதத்தையே பார்ப்பதைக் கண்டு, இதற்கெல்லாமா முகத்தைத் தொங்கப்போடுவாய் என்று அதட்டினார். பிறகு அலமாரியிலிருந்து அளவுப் பதிவேட்டை எடுத்து, அறுபத்தொன்றின் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தார். லென்ஸ் இல்லாமல் அளந்தது நான்தான், அளக்கிறவன் தவறு என்று எழுதிவிடுகிறேன், நாளைக்குத் துறைத் தலைவர் உன்னைக் கடிக்கமாட்டார் என்றார்.

அவர் எழுதத் தொடங்கியே விட்டார். அளக்கிறவன் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்து பதிவேட்டில் விழுந்துவிட்டது. கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிற மனுஷர்களாக அந்தக் குடும்பத்துக்கு வாய்த்திருக்கிறார்களே என்று நினைத்தாள். மாமனும் மச்சானும் பேசாமல் இருந்தே ஒரே மாதிரி இருந்தார்கள். இன்னொருமுறை ஒருவர் அவளுக்காகத் தலையைக் கொடுக்கிறார், அவள் பக்கத்தில் நின்று ஆமாம் என்று பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சேர்ந்து வேலை செய்த பன்னிரண்டு வருஷத்தில் அவர் கையை அவள் தொட்டதில்லை.

“லென்ஸ் வேண்டாம்னு சொன்னது நான். பார்க்காமலே குடிச்சாச்சுன்னு சொன்னேன். அதை எழுதுங்க.”

அதனால் என்ன என்றார் அவர்.

“அன்னைக்கும் அப்படித்தான் சொன்னேன், அண்ணே. கை ஷட்டருக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். ஸ்பிரிங் ஒண்ணும் பண்ணலை.”

வெளியே யாரோ தள்ளுவண்டியில் வாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். அது வராந்தா முழுக்கப் போய் முடிந்ததும் அவர் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார். அவள் எதிர்பார்த்திருந்தது ஒரு வசவை. அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். ஆறு வருஷமாக அந்த நிமிஷத்தை அவள் எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருக்கிறாள், ஒன்றிலும் அவர் கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டார். அளந்து பழகிய ஆளுக்கு வேறு என்ன வரும்.

“எவ்வளவு முன்னாடி?”

“அரை நொடி இருக்கும்.”

“அஞ்சு துடிப்பு” என்றார். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல இன்னொருமுறை, “அஞ்சு” என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். வார்த்தைகள் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. சாயம் பலித்தால் சொல்லவேண்டாம் என்று இருந்ததையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று சொல்லும்போதே தெரிந்தது, ஆனாலும் சொன்னாள். அவர் சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்தார். ஸ்பிரிங்கை வளையத்திலிருந்து கழற்ற முயன்றார். கோத்து வைத்து ஆறு வருஷமாகிவிட்டதால் வளையம் விரியவில்லை, நகம் வழுக்கியது. அவள் உதவிக்குக் கை நீட்டினாள். அவர் உடம்பைத் திருப்பிக்கொண்டு தானே போராடினார்.

“அவன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகலை” என்றார், சாவிக்கொத்தைப் பார்த்தபடியே. “அந்தப் பிள்ளை என் தோள்ல தூங்கி வளர்ந்தது.”

ஸ்பிரிங் ஒருவழியாகக் கழன்றது. சுண்டுவிரல் நுனியளவு கம்பிச் சுருள். அதைப் பதிவேட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, இதை அவனிடம் யார் சொல்வது என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்று உடனே சொன்னாள். உடனே சொன்னதைக் கேட்டு அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வலது கண்ணால்தான் பார்த்தார், நேராக. அப்படி அவர் அவளை ஒருபோதும் பார்த்ததில்லை.

“முதல்ல போய்ச் சொல்லு. அதுக்கப்புறம் என்கிட்ட வா.”

அவள் தலையை ஆட்டினாள். அண்ணே என்று கூப்பிட வாயெடுத்தவள், கூப்பிடலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள். அவரே பதிவேட்டையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்து, பாதியில் நின்ற அவருடைய சொல்லை அடித்துவிட்டு, லென்ஸ் வேண்டாம் என்று சொன்னது தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறுபத்தொன்று துப்புகிறது என்று எழுதப்போனபோது அவர் தடுத்தார். காகிதத்தில் வளையம் தெரிவது ஒரு சந்தேகம் மட்டும்தான், அளந்தால்தான் எழுதலாம். லென்ஸ் மூன்று நாளுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டது, ஸ்டோரில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்றார். குரலில் கோபம் இல்லை. வேலை நேரத்துக் குரல். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

ஸ்டோரிலிருந்து பெட்டியோடு அவள் திரும்பி வரும்போது வராந்தாக் கோடியின் ஜன்னல் வழியாகப் பம்பு அறையின் தகரக் கூரை தெரிந்தது. வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. வேலை முடிந்து போகிற நேரம், ஆள் இன்னும் போகவில்லை. பெட்டியை வைத்துவிட்டு இப்போதே ஓடிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது. பிறகு, இதை முடித்துவிட்டுத்தான் என்று நடந்தாள்.

லென்ஸை நிறுத்தினார்கள். ஊசித்துளைக் காகிதம் இல்லாமல் கருவியின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. இரண்டு பேரும் காப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள். அவர் மேஜையின் அந்தப் பக்கம் போனார். அவள் தகட்டைத் தூக்கினாள். லேசர் துடிக்கத் தொடங்கியது. காப்புக் கண்ணாடிக்குள் பச்சை தெரியாது, டிக் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்கும். அவர் பலத்தைக் கூட்டக் கூட்ட, அறுபத்தொன்றின் பின்னால் கருவியின் எண்ணும் கூடவே ஏறிக்கொண்டு போனது. குடிக்கிற சாயமாக இருந்தால் ஓரிடத்தில் நின்றிருக்கும், இது எங்கேயும் நிற்கவில்லை. துப்பியதையெல்லாம் லென்ஸ் பொறுக்கி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் எண்களைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பதினோரு எண். ஒன்றைக்கூட அவர் தவறாகச் சொல்லவில்லை, அவள் தவறாக எழுதவில்லை.

பதினொன்று முடிந்தது. அவர் மிரரைத் திருப்பவேண்டும். அதற்குக் கண்ணாடியைக் கழற்றிக் குனியவேண்டும்.

“ஷட்டர்?” என்றார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். தகட்டை இறக்கினாள். இறங்கியதைப் பார்த்தாள். அது முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். அதற்குப் பிறகு, “மூடியாச்சு” என்றாள்.

அந்தப் பக்கத்தில் கண்ணாடி கழலும் சத்தம் கேட்கவில்லை. அவர் எழுந்தார். மேஜையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே, இடது பக்கம் எதிலும் இடித்துக்கொள்ளாமல், அந்த நீள மேஜையைச் சுற்றி மெதுவாக நடந்து வந்தார். அவள் விலகி வழிவிட்டாள். அவள் விரல் இருந்த அதே இடத்தில் அவர் தன் விரலை வைத்தார். தகடு குளிர்ந்துதான் இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.